செருப்பு கழன்று விழும் கால்

முழங்காலுக்கு வெளிப்பக்கம், இரண்டு மூன்று விரற்கடை கீழே, கட்டைவிரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். உருண்டையாக ஓர் எலும்பு முட்டும். ஃபிபுலா என்கிற ஒல்லி எலும்பின் தலை அது. அந்த உருண்டைக்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வருகிறது ஒரு நரம்பு. விரலை வைத்து உருட்டினால் ஈரக் கயிறு போல நழுவும். சிலருக்குப் புறங்கால் வரை சுரீரென்று ஓடும். மேலே தோல், அடியில் எலும்பு, நடுவில் மெத்தை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. காமன் பெரோனியல் நரம்பு என்று பெயர். பாதத்தை மேலே தூக்கும் எல்லாச் சதைக்கும் உத்தரவு இந்த ஒரே வழியாகத்தான் போகிறது.

போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு இந்த நரம்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படரும், அதில்தான் காய் பிடிக்கும். விளைந்த காயை மட்டும் பார்த்து எடுக்க ஒன்று குனிய வேண்டும், இல்லை குத்தவைத்து உட்கார வேண்டும். குத்தவைக்கும்போது முழங்கால் முழுக்க மடங்குகிறது. தொடையிலிருந்து இறங்கும் வெளித் தசைநாணுக்கும் எலும்புக் கழுத்துக்கும் நடுவில் நரம்பு நசுங்கி, அதே நேரத்தில் இழுபடவும் செய்கிறது. அட்டை ஏறாமலிருக்க முழங்காலுக்குக் கீழே துணியை இறுக்கிக் கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் கழன்று விழும். "கால் மரத்துப்போச்சு, சரியாயிரும்" என்று இந்தப் பக்கமும் "காலு தரிச்சு" என்று மலையாளப் பக்கமும் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார்கள். சாதாரண மரப்பு சில நிமிடத்தில் விட்டுவிடும். மறுநாள் காலையிலும் பாதம் தொங்கினால் நரம்பு அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நடப்பது பெரும்பாலும் எண்ணெய். இதற்கு நம் சொல்லும் ஒரு காரணம். கையில் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், குதிகாலுக்கு மேலே விறைத்து நிற்கும் நாணையும் நரம்பு என்கிறோம். மலையாளத்தில் ஞரம்பு என்றாலும் இதே குழப்பம்தான். அதனால் நரம்பு என்றதும் ரத்தம் ஓடும் குழாய், அல்லது சதையை இழுக்கும் கயிறு என்று மனதில் பதிந்துவிடுகிறது. அடைத்திருந்தால் நீவி விடலாம், பிசகியிருந்தால் இழுத்து விடலாம் என்று தோன்றுவதும் அதனால்தான். உண்மையான நரம்பு மின்துடிப்பு அனுப்பும் கம்பி. எத்தனை துடிப்பு வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் விட்டு வருகிறது என்ற மூன்றையும் வைத்துத்தான் ஒரு சதை பருக்க வேண்டுமா, வற்ற வேண்டுமா, மெதுவாகச் சுருங்க வேண்டுமா, வெடுக்கென்று சுருங்க வேண்டுமா என்பதை முடிவு செய்கிறது. கால் தொங்கியவர்களுக்கு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளைக்கிறது. அதனால் முதலில் அதை விளக்கிவிடுகிறேன்.

தண்டுவடத்தில் இருக்கும் ஓர் இயக்க நரம்பணு தன் நீண்ட வாலை சதைக்குள் அனுப்பி, அங்கே பல கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையாலும் ஒரு சதை இழையைத் தொடுகிறது. ஒரு நரம்பணுவும் அது தொடும் இழைகளும் சேர்ந்தது ஒரு மோட்டார் யூனிட். கண்ணை அசைக்கும் சதையில் ஒரு யூனிட்டுக்குப் பத்து சொச்சம் இழைகளே இருக்கும். கெண்டைக்காலில் ஆயிரத்தையும் தாண்டும். ஒரு யூனிட்டில் உள்ள இழைகள் எல்லாம் ஒரே ரகம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இழைகள் வேறு வேறு ரகமாக இருக்கலாம், ஆனால் ஒரே நரம்பணுவின் பிள்ளைகள் ஒரே மாதிரிதான் இருக்கும். நரம்புதான் ரகத்தைத் தீர்மானிக்கிறது என்று சந்தேகிக்க இதுவே போதும்.

ரகம் என்றால் என்ன என்று கோழிக்கறி வெட்டும் பலகையிலேயே பார்க்கலாம். நாட்டுக்கோழியின் தொடைக்கறி கருஞ்சிவப்பு, நெஞ்சுக்கறி வெளுப்பு. கோழி நாளெல்லாம் நடக்கிறது, நிற்கிறது. எப்போதோ ஒருமுறைதான் படபடவென்று அடித்து மதில்மேல் ஏறுகிறது. நாள் முழுக்க வேலை செய்யும் தொடைச் சதையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினும், அதை எரித்து ஆற்றல் ஆக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் நிறைய, அதனால் சிவப்பு. நெடுந்தூரம் பறக்கும் புறாவுக்கு நெஞ்சே சிவப்பாக இருக்கும். மனிதனில் இப்படித் தனித்தனிச் சதையாகப் பிரிந்து கிடக்காது, கலந்து கிடக்கும். மெது இழைக்கு 1ஆம் ரகம் என்று பெயர். வேக இழையில் 2ஏ, 2எக்ஸ் என்று இரண்டு. 2பி என்று இன்னொன்று எலிக்கு உண்டு, நம் கைகால்களில் இல்லை. கெண்டைக்காலின் உள்ளடுக்கான சோலியஸில் பத்தில் எட்டுக்கு மேல் மெது இழை, ஏனென்றால் நிற்கும் நேரமெல்லாம் அதற்கு வேலை. பாதத்தைத் தூக்கும் முன்கால் சதையிலும் மெது இழையே அதிகம். மேற்கையின் பின்புறச் சதையில் மூன்றில் ஒரு பங்குதான் மெது இழை.

இதை நரம்பு தீர்மானிக்கிறது என்று 1960இல் கான்பெராவில் புல்லர், ஜான் எக்கிள்ஸ், ரோசாமண்ட் எக்கிள்ஸ் மூவரும் பூனையில் காட்டினார்கள். மெதுச் சதைக்குப் போகும் நரம்பையும் வேகச் சதைக்குப் போகும் நரம்பையும் வெட்டி, மாற்றித் தைத்தார்கள். நரம்பு வளர்ந்து சேர்ந்தபின் மெதுச் சதை வேகமாகச் சுருங்க ஆரம்பித்தது, வேகச் சதை மந்தமானது. ஏதோ ஒரு ரசாயனம் நரம்பு வழியாக இறங்கி இந்த வேலையைச் செய்கிறது என்று அப்போது எண்ணினார்கள். 1969இல் சால்மன்ஸும் வெர்போவாவும் முயலின் வேகச் சதைக்குப் போகும் நரம்பை வெட்டவே இல்லை, வினாடிக்கு 10 துடிப்பு என்று வாரக்கணக்கில் மின்சாரம் கொடுத்தார்கள். அதுவும் மெதுச் சதையாக மாறியது. பிறகு ஆஸ்லோவில் டெரியே லோமோவும் அவரோடு இருந்தவர்களும் எலியின் சோலியஸுக்குப் போகும் நரம்பையே வெட்டிவிட்டு, நேராகச் சதைக்கே மின்துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பே இல்லாத சதை, நரம்பு இருப்பதுபோலத் தன் பருமனையும் பலத்தையும் பெருமளவு காப்பாற்றிக்கொண்டது. வினாடிக்கு 100 என்று சின்னச் சின்ன வெடிப்பாகக் கொடுத்தால் வேகத்தின் பக்கம் போனது, 10 என்று நீளமாகக் கொடுத்தால் மெதுவாகவே நின்றது. நரம்பிலிருந்து கசியும் பொருளுக்கு ஒரு பங்கு இருந்தாலும், பெரும்பங்கு துடிப்பின் தாளத்துக்குத்தான் என்று இதன்பிறகு உறுதியானது.

அந்தத் தாளம் இயல்பில் எப்படி இருக்கிறது என்று ஹென்னிக்கும் லோமோவும் 1985இல் நடமாடும் எலியில் பதிவு செய்த எண்களைப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சோலியஸின் ஒரு மெது யூனிட்டுக்கு ஒரு நாளில் 3 முதல் 5 லட்சம் துடிப்பு, வினாடிக்கு 20 வாக்கில், ஐந்து முதல் எட்டு மணி நேரம் வேலை. வேகச் சதையின் மிக வேகமான யூனிட்டுக்கு நாள் முழுக்கவே 3,000 முதல் 10,000 துடிப்பு, ஆனால் வரும்போது வினாடிக்கு 80க்கு மேல். மொத்தமாக அது வேலை செய்யும் நேரம் நாளில் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. வேக இழை சும்மா கிடக்கும் இழை என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு மூன்று நிமிடமும் அதற்கு அத்தியாவசியம்.

சதைக்குள் இந்தத் தாளத்தைப் படிப்பது கால்சியம். ஒவ்வொரு துடிப்பும் இழைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது, சுருக்கத்துக்கு அது தேவை. துடிப்பு மெதுவாக, நீண்டு வந்தால் கால்சியம் முழுக்க வடியாமல் தாழ்ந்த மட்டத்தில் நின்றுகொண்டே இருக்கும். அந்த நிலைத்த மட்டம் கால்சிநியூரின் என்ற நொதியை எழுப்புகிறது. அது என்ஃபேட் என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்ப, சதையைச் சுருக்கும் புரதமான மயோசினில் மெது ரகத்துக்கான மரபணுக்கள் திறக்கின்றன. கூடவே பி.ஜி.சி-1 ஆல்ஃபா என்ற புரதம் ஏறி மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. குறுகிய வெடிப்பில் கால்சியம் உயரமாகக் குதித்து உடனே வடிந்துவிடுகிறது. கால்சிநியூரின் விழித்திருக்க நேரம் போதாது, சதை வேக ரகத்திலேயே இருந்துவிடுகிறது. துடிப்பே இல்லாவிட்டாலும் கதி அதுதான். தண்டுவடம் முறிந்து பல மாதம் படுத்தவர்களின் சோலியஸ் கூட மெல்ல மெல்ல வேக ரகத்துக்கு நழுவுகிறது, சீக்கிரம் களைக்கிறது.

ரகமும் பருமனும் வேறு வேறு கணக்கு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஓயாமல் 10 துடிப்பு கொடுத்த முயலின் சதை களைக்காத சதையாக மாறியது, ஆனால் மெலிந்தும் போனது. பருக்க வேண்டும் என்றால் பளுவுக்கு எதிரான இழுவிசை வேண்டும். அதுதான் எம்-டார் என்கிற புரத உற்பத்தி வழியைத் தட்டி எழுப்புகிறது. நாள் முழுக்க மலையேறுபவர் கால் ஒல்லியாகவும் உரமாகவும் இருப்பதும், மூட்டை தூக்குபவர் தொடை பருத்திருப்பதும் இந்த வித்தியாசம்தான்.

இப்போது நரம்பு நசுங்கிய காலுக்கு வருவோம். நசுங்கலில் இரண்டு விதம். நரம்பின் வெளிப்போர்வையான மயலின் மட்டும் கெட்டு, உள்ளிருக்கும் கம்பி பிழைத்திருப்பது ஒன்று. துடிப்பு அந்த இடத்தில் தடைபடும், அதற்குக் கீழே நரம்பு உயிரோடுதான் இருக்கும். சில நாளிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகும். குத்தவைத்ததால் வருவதில் பெரும்பாலானவை இந்த வகை. கம்பியே அறுந்துபோவது இன்னொன்று. அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள முழு நீளமும் சில நாளில் சிதைந்துவிடும், மேலிருந்து புதிதாக முளைத்து வரவேண்டும். அது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும், மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். எலும்புக் கழுத்திலிருந்து முன்கால் சதைக்குள் நரம்பு நுழையும் இடம் 5 முதல் 10 செ.மீ. ஆரம்பத் தாமதத்தையும் சேர்த்தால் மூன்று நாலு மாதம். பிட்டத்தில் தப்பான இடத்தில் ஊசி போட்டு, இந்த நரம்பு கிளைவிடும் தாய் நரம்பான சையாட்டிக் கெட்டுப்போனால் இதே சதைக்கு வந்துசேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். சதை காத்திருக்கும் காலமோ பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம். அதற்குப் பிறகு இழைகள் நாராகவும் கொழுப்பாகவும் மாறிவிடுகின்றன, நரம்பு போகவேண்டிய பழைய குழாய்களும் சுருங்கிவிடுகின்றன. இந்த இரண்டு கடிகாரங்களில் எது முந்துகிறது என்பதே முழு வைத்தியமும்.

துடிப்பு நின்ற சதைக்குள் நடப்பது பட்டினியால் வரும் மெலிவு அல்ல. எம்.யு.ஆர்.எஃப்-1, அட்ரோஜின்-1 என்ற இரண்டு நொதிகள் (2001இல் கண்டுபிடிக்கப்பட்டவை) சதைப் புரதங்களுக்கு 'உடைக்கலாம்' என்று முத்திரை குத்த, செல்லே தன் புரதத்தை அரைத்துத் தள்ளுகிறது. நரம்பை வெட்டிய எலியின் கால் சதை ஒரு மாதத்துக்குள் பாதிக்கு மேல் எடை இழக்கிறது. முட்டையும் கொண்டைக்கடலையும் நிச்சயம் சாப்பிட வேண்டும், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்பது நல்ல கணக்கு. ஆனால் சாப்பாடு மட்டும் இந்த அரைப்பை நிறுத்தாது. 'நரம்பு ஊசி' என்று போடும் பி-12உம் அப்படித்தான். பி-12 குறைவு இருந்தால் அவசியம் வேண்டும், நசுக்கலை அது எடுக்காது.

நரம்பு இழந்த இழை இன்னொன்றும் செய்கிறது. முன்பு நரம்பு தொடும் புள்ளியில் மட்டும் குவிந்திருந்த, நரம்பின் செய்தியை வாங்கும் அசிடைல்கோலின் ஏற்பிகளை உடம்பெங்கும் பரப்பிக்கொள்கிறது, எங்கிருந்தாவது ஒரு சொல் வராதா என்று காது வைத்துக் காத்திருப்பதுபோல. இதில் ஓர் அபாயம் இருக்கிறது. வேறு எதற்காவது அறுவைச் சிகிச்சை நடந்தால், மயக்க மருந்தோடு சதையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் இந்த ஏற்பிகளை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும். பெரிய அளவில் சதை செயலிழந்தவர்களுக்கு இதயமே நின்றுபோகலாம். நரம்பு கெட்டு இரண்டு மூன்று நாள் தாண்டியிருந்தாலே மயக்க மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறு மருந்து வைத்திருக்கிறார்கள்.

முதல் நாளே வீட்டில் நாலு சோதனை செய்யலாம். குதிகாலில் நிற்க முடிகிறதா, கட்டைவிரல் மேலே தூக்குகிறதா, பாதத்தை வெளிப்பக்கம் திருப்ப முடிகிறதா, உள்பக்கம் திருப்ப முடிகிறதா. கடைசிச் சோதனைதான் முக்கியம். வெளியே திரும்பாமல் உள்ளே மட்டும் பலமாகத் திரும்பினால் கோளாறு முழங்காலுக்குப் பக்கத்தில். உள்ளேயும் திரும்பவில்லை என்றால் இடுப்பு டிஸ்க்கில் ஐந்தாவது நரம்பு வேர் நசுங்கியிருக்கலாம், அதற்கு வழியே வேறு. இரண்டு காலும் போனாலோ, சிறுநீர் மலம் தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. கை, முகம் சேர்ந்து இழுத்தாலும் அப்படியே. அரிவாள் பட்டு அறுந்திருந்தால் காத்திருக்கக்கூடாது, நரம்பைத் தைக்க வேண்டும். உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று முதுகு வரை பாருங்கள். தொழுநோய் தாக்கும் நரம்புகளில் இதுவும் ஒன்று. மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டால் மீட்க வாய்ப்பு அதிகம்.

நரம்புக் கடத்தல் சோதனைக்கு மதுரைக்கோ கோட்டயத்துக்கோ பஸ் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரமே போய்விடுகிறார்கள். அது பணத்துக்குக் கேடு. அறுந்த நரம்பின் கீழ்ப்பகுதி ஐந்தாறு நாள் வரை துடிப்பைக் கடத்திக்கொண்டுதான் இருக்கும், அதனால் எது அறுந்தது, எது அடைபட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி.யில் சதை துடிதுடிப்பது தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரக் காரணம் எதுவும் இல்லை என்றால் மூன்று வாரம் கழித்துப் போங்கள்.

அதற்கு முன்னாலேயே பிசியோதெரபி அறையில் இருக்கும் ஸ்டிமுலேட்டர் என்ற மின்துடிப்புக் கருவியை வைத்து ஒரு நல்ல துப்பு கிடைக்கும். பத்து நாள் கழிந்தபின், எலும்புக் கழுத்துக்குக் கீழே, முன்காலெலும்பின் வெளியோரம், முழங்காலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில் பேனா எலக்ட்ரோடை வைத்து ஃபாரடிக் என்ற குறுந்துடிப்பு மின்சாரம் கொடுக்க வேண்டும். பாதம் வெடுக்கென்று மேலே தூக்கினால் கம்பி உயிரோடு இருக்கிறது, அடைப்பு மட்டும்தான், பயம் வேண்டாம். அசையவே இல்லையென்றால் கால்வானிக் என்ற நீண்ட துடிப்புக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போது சதை அசையும் விதமே வேறு. வெடுக்கென்று இழுக்காது, தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல மெல்லச் சுருங்கி மெல்ல விடும். அந்த நெளிவை ஒருமுறை கண்ணால் பார்த்தால் மறக்காது. நரம்பில்லாத இழை நேராக மின்சாரத்துக்குப் பதில் சொல்லும் முறை அது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் துடிப்பின் அகலம். நரம்பைக் கிளப்ப ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான துடிப்பே போதும். நரம்பில்லாத சதை இழைக்கு அதைப்போலப் பல பத்து மடங்கு நீளமான துடிப்பு வேண்டும். வலிக்கென்று ஆன்லைனில் வாங்கும் டென்ஸ் என்ற மின்துடிப்பு மெஷினின் துடிப்பு 0.05 முதல் 0.3 மில்லிசெகண்டுக்குள்தான். கம்பி அறுந்த சதையில் அதை எவ்வளவு ஏற்றினாலும் தோல் சுடும், பக்கத்திலுள்ள நல்ல சதை துள்ளும், தூக்க வேண்டிய சதை அப்படியே கிடக்கும். கால் துடிக்கிறதே என்று மகிழ்ந்து மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பார்க்க வேண்டியது ஒன்றே: பாதம் மேலே வருகிறதா.

கால்வானிக் கொடுப்பதாக இருந்தால் வழக்கமான அளவு 100 மில்லிசெகண்ட் துடிப்பு, நிமிடத்துக்கு 30, முப்பது முப்பதாக மூன்று சுற்று, நடுவில் ஓய்வு. பேடுகளைச் சதையின் இரண்டு முனையிலும் வைக்க வேண்டும், ஏனென்றால் நரம்பு நுழையும் புள்ளி என்ற ஒன்று இப்போது அங்கே கிடையாது. எட்டு மடிப்புப் பருத்தித் துணி, ஒரு சதவீத உப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்துப் பிழிந்தது, சுருக்கமில்லாமல் விரித்தது. துணி காய்ந்தாலோ உலோகம் தோலைத் தொட்டாலோ ரசாயனப் புண் வரும். புறங்கால் மரத்தவருக்கு எரிச்சலே தெரியாது, மறுநாள் கொப்புளம்தான் சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேடைத் தூக்கித் தோலைப் பார்க்காதவரிடம் காலைக் கொடுக்காதீர்கள்.

இது எவ்வளவு உதவும் என்பதில் என் கருத்தை ஒளிக்கவில்லை. லோமோவின் எலிக்கு நாள் முழுக்க மின்சாரம் போனது. வியன்னாவில் ஹெல்முட் கெர்ன் குழுவினர் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி கெட்டவர்களின் தொடைச் சதையைத் திரும்பப் பருக்க வைத்தார்கள், ஆனால் அகலமான எலக்ட்ரோடுகளோடு, வீட்டிலேயே, வாரத்தில் பல நாள், வருடக்கணக்கில். வாரம் மூன்று நாள் தொண்ணூறு துடிப்பு அதற்கு ஈடாகாது. அடைப்பு மட்டும் உள்ள காலுக்கு அதுவும் தேவையில்லை. அறுந்த நரம்பைத் தைத்தபின் வினாடிக்கு 20 துடிப்பாக ஒரு மணி நேரம் நரம்புக்கே கொடுத்தால் முளைப்பு துரிதமாகிறது என்று கனடாவில் டெஸ்ஸா கார்டன் குழு காட்டியதை நான் இதைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

மின்சாரத்தைவிட முதலில் வேண்டியது மூட்டைக் காப்பது. தொங்கும் பாதத்தைக் கெண்டைக்கால் சதை ஓயாமல் கீழே இழுக்கிறது, சில வாரத்தில் அது குட்டையாகிவிடும். நாலாவது மாதம் நரம்பு வந்து சேர்ந்தாலும் பாதம் 90 பாகைக்கு வராது, உயிர்பெற்ற சதைக்குத் தூக்க இடமே இருக்காது. இப்படி வீணாகும் கால்கள்தான் மனதைச் சங்கடப்படுத்துகின்றன. பாதத்தை நேர்கோணத்தில் பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. பிளாஸ்டிக் தாங்கியை நடக்கும்போதும் இரவிலும் போட வேண்டும். அதன் மேல்விளிம்பு அந்த எலும்பு உருண்டையைத் தொடக்கூடாது. தொட்டால் வந்த நோயையே திரும்பக் கொடுக்கும். கழற்றும்போதெல்லாம் தோலில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருபது நிமிடத்தில் மறையாத சிவப்பு ஆகாது. பிறகு துண்டைப் பாதத்தில் மாட்டி நெஞ்சுப் பக்கம் இழுத்து 30 வினாடி பிடிக்க வேண்டும், முழங்காலை நீட்டி மூன்று முறை, லேசாக மடக்கி மூன்று முறை. நீட்டியபடி மட்டும் செய்தால் உள்ளடுக்கு சோலியஸ் விட்டுப்போகும். எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, தோல் காயாமல் இருக்கும், மூட்டு இளகும். உழிச்சல் என்று அந்த உருண்டைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி நீவுவதை மட்டும் யார் சொன்னாலும் விடாதீர்கள்.

நரம்பு வந்து சேர்ந்த முதல் அடையாளம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுத்து, காலின் எடை குறுக்கே வராதபடி வைத்து, முன்காலெலும்பின் வெளியோரம் விரலை வைத்து 'தூக்கு' என்று மனதார முயல வேண்டும். தாவணி நூல் இழுபட்டதுபோல ஒரு சிறு விறைப்பு வரும். அந்தக் கட்டத்தில் ஐந்து முதல் பத்து முயற்சி, ஓய்வு, நாளில் நாலைந்து தடவை போதும். புதிதாக நரம்பு பெற்ற இழைகள் சீக்கிரம் சோர்ந்துவிடும். சந்தோஷத்தில் நூறு தடவை செய்து, மறுநாள் ஒன்றுமே அசையாமல் பயந்துபோகிறவர்கள் உண்டு.

பாதம் தன் எடையைத் தானே தூக்க ஆரம்பித்தபின் பழைய சைக்கிள் டியூப் போதும். கட்டில் காலில் ஒரு முனை, பாதத்தில் மறுமுனை, எட்டு முதல் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பதினைந்து எளிதாக வந்தால் டியூபை இரட்டையாக மடியுங்கள். லேசான வேலைக்குச் சின்ன நரம்பணுக்கள் மட்டும், அதாவது மெது இழைகள் மட்டும்தான் விழிக்கும். எல்வுட் ஹென்னிமன் கண்ட வரிசை இது: சின்னது முதலில், பெரியது கடைசியில். பளு ஏறினால்தான் வேக இழைக்கு முறை வரும். முதல் ஐந்தாறு வாரம் பலம் ஏறும், சுற்றளவு ஏறாது. அப்போது கூடுவது நரம்பு அனுப்பும் துடிப்பின் எண்ணிக்கை. அளவு நாடாவைப் பார்த்து மனம் விடவேண்டாம்.

பலம் வந்த பலர் விட்டுவிடுவது வேகத்தை. கல் தட்டிய நொடியில் பாதம் மேலே வர வேண்டும், அது வினாடிக்கு 80, 100 என்று வெடிக்கும் துடிப்பின் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து குதிகால் தரையில் ஊன்றி முன்பாதத்தால் பத்து வினாடி முடிந்த வேகத்தில் தரையைத் தட்டுங்கள், இருபது வினாடி ஓய்வு, ஐந்து தடவை. நல்ல காலோடு எண்ணிப் பார்த்தால் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று தெரியும்.

சில கம்பிகள் மட்டும் அறுந்திருந்தால் மிச்சமுள்ளவை கிளைவிட்டு அனாதையான இழைகளைத் தத்தெடுக்கின்றன. ஒரு யூனிட் தன் அளவைப்போல் ஐந்து மடங்கு வரை பெருக்க முடியும், அதனால் ஐந்தில் நாலு பங்கு போகும்வரை கூட சதை ஓரளவு தாக்குப்பிடிக்கும். தத்து வந்த இழைகள் புதிய நரம்பின் ரகத்துக்கே மாறும். நுண்ணோக்கியில் பார்த்தால் முன்பு சதுரங்கக் கட்டம்போல் கலந்திருந்த ரகங்கள் இப்போது கூட்டம் கூட்டமாகத் திரண்டிருக்கும். வெளியில் இதன் பலன், நுணுக்கமான அசைவு குறைவதும் சீக்கிரம் களைப்பதும். காலையில் நன்றாக நடப்பவருக்குச் சாயங்காலம் பாதம் உரசுவது இதனால்தான்.

தோட்டத்துக்குத் திரும்பப் போகிறவர்கள் உட்காரும் விதத்தை மாற்றியாக வேண்டும். ஒரு முழங்காலைச் சாக்கின்மேல் ஊன்றி, அடுத்த செடிக்கு மறுகாலை மாற்றுவது நல்லது. ஒரு சாண் உயர மணைக்கட்டை இன்னும் நல்லது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து குதிகாலில் நாலு அடி நடக்கலாம், கங்காணிக்கு இதனால் ஒரு கிலோ காயும் குறையாது. அட்டைத் துணியின் கட்டு அந்த உருண்டைக்கு நாலு விரல் கீழே இருக்கட்டும். உடம்பு சட்டென்று இளைத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், நரம்புக்கு மேல் இருந்த கொஞ்ச நஞ்சக் கொழுப்பும் போயிருக்கும். ஏ.எஃப்.ஓ.வை விடும்போது காலையில் மட்டும் விடுங்கள். பையில் எடுத்துப்போய், மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாட்டிக்கொள்ளுங்கள். சரிவில் இறங்கி ஜீப் நிற்கும் இடம் வரை வருவதற்குள் செருப்பு ஒருமுறைகூட கழலாமல் இரண்டு வாரம் போனால், அதன்பின் மதியமும் கழற்றலாம்.